கல்லில் ஓவியம் காணும் கண்

குலசேகரன்பட்டினத்தில் இன்று புதுமனை புகுவோர் விருந்தினருக்கு முதலில் காட்டுவது கூடத்துக் கிரானைட் தரையைத்தான். 'இங்கே பாருங்கள், மேகம் போல. அங்கே பாருங்கள், அலை போல' என்பர். நாமும் குனிந்து வியக்கின்றோம். கல்லில் ஓவியம் காணும் இக்கண் நல்ல கண்ணே. ஆயினும், அறுத்து, மெருகேற்றி, விலை கொடுத்து வாங்கிய கல்லின் முன் மட்டுமே அது திறக்கின்றது என்பதே நமது குற்றச்சாட்டு.

'உளி பட்டால் சிலை, அறுத்தால் சரக்கு, இரண்டும் இல்லையேல் வெறும் கல்' என்பார் உளர். இவ்வாதத்தைச் சீன அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறுத்துவிட்டனர். சுங் மரபினர் ஆட்சியில் வாழ்ந்த ஓவியரும் அரசு அலுவலருமான மீ ஃபூ (1051–1107), விந்தையான பாறையொன்றைக் கண்டு, முறைப்படி உடையணிந்து வணங்கி, அதனை 'அண்ணா' என்றே அழைத்தார் என்பர். யுன்னானில் டாலி நகரை அடுத்த மலையில் கிடைக்கும் சலவைக்கல்லில் மலைத்தொடரும் மூடுபனியும் தாமாகவே தோன்றும். அதனைப் பலகையாக்கிச் சட்டமிட்டு, பெயர் சூட்டி, சுவரில் மாட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஆளுநராயிருந்த ருவான் யுவான் இக்கல்லோவியங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தூரிகை தொடாத ஓவியத்தையும் ஓவியமென ஏற்ற பணிவு அது.

'அவர்களும் மலையை அறுத்தனர் அன்றோ?' என வினவலாம். அறுத்தனர், நாம் அதை மறைக்கவில்லை. ஹூயிட்சுங் பேரரசர் தம் பூங்காவுக்காகத் தென்னாட்டுப் பாறைகளைப் படகேற்றிக் கொணரச் செய்தபோது, வழி மறித்த பாலங்களும் இடிக்கப்பட்டன. சுமை தாங்காத மக்கள் 1120-இல் கிளர்ந்தெழுந்தனர். வியப்பு உடைமையாசையாகும்போது அதன் விலையைச் செலுத்துவோர் எளியோரே.

நம் கதை வேறா? சுண்ணாம்புக்கும் சுவருக்கும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பெயர்த்தோம். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலுள் அமிழ்ந்தன. மதுரை மாவட்டத்துக் குன்றுகள் கிரானைட்டுக்காகச் சூறையாடப்பட்டதை விசாரிக்க உயர் நீதிமன்றமே 2014-இல் சகாயம் அவர்களை அமர்த்த வேண்டியதாயிற்று. நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. உறுதியான பழைய சுண்ணாம்புத் தளத்தைப் பெயர்த்தெறிந்து கிரானைட் பதிப்பதையே திருப்பணி என எண்ணும் பங்குகள் நம்மிடையே உண்டு. 'இக்கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது? அங்கு வாழ்வோர் என்ன ஆயினர்?' என்று எத்தனை திருப்பணிக் குழுக்கள் கேட்டிருக்கின்றன?

மறுபுறம், அதே மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி மக்களைப் பாருங்கள். 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட தம் குன்றுகளை டங்ஸ்டன் சுரங்கம் நெருங்கியபோது அவர்கள் திரண்டெழுந்தனர்; 2025 சனவரியில் அந்த ஏலம் இரத்தாயிற்று. மீ ஃபூவின் பெயரை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். எனினும் கல்லை உறவாக எண்ணியவர்கள் அவர்களே.

நாம் கேட்பது பெரிதன்று. நல்ல தளம் இருக்கட்டும். புதுக்கல் வேண்டுமெனில் அது பிறந்த இடத்தைக் கேட்டறிவோம். கண்ணுக்கு விருந்து வேண்டுமெனில், தெற்கே மணப்பாடு வரை நடந்து செல்வோம். காற்று கொணர்ந்த மணலைச் சுண்ணம் பிணைத்து, அடுக்கடுக்காய் எழுந்த பாறை அங்கே கடலை நோக்கி நிற்கின்றது. குதிரைமொழித் தேரிக்குச் செல்வோம். இரும்புக் கறை படிந்த செம்மணல் மாலை வெயிலில் எரிவதைக் காண்போம். இவற்றுக்குச் சட்டமும் வேண்டா, விலைச்சீட்டும் வேண்டா. வாங்காமலே வியக்கக் கற்காதவன், மலை முழுவதையும் வாங்கினாலும் எதையும் கண்டவனாகான்.