பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு... திடீர் மரணம் நடந்த வீட்டுக்கு யார் துணை?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் பலி. பலர் ஆந்திரா, ஒடிசாவில் இருந்து வந்த தொழிலாளர்கள். உறவினர்கள் வந்தார்கள், பிணவறையில் அடையாளம் காட்டினார்கள், உடலோடு ஊர் திரும்பினார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2-ல் தகர்க்கப்பட்டதை ஊரே டிவியில் பார்த்தது. அந்த 61 வீடுகளில் அதற்குள் என்ன நடந்திருக்கும் என்பது பேசுபொருளே ஆகவில்லை.

அது பெரிய விபத்து, கேமராக்கள் வந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷினில் சிக்குபவர், ஆவடி தடத்தில் ரயிலில் அடிபடுபவர், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுபவர் வீட்டுக்கு அதுவும் இல்லை.

முதல் நாளே விசாரணை

இயற்கைக்கு மாறான மரணம் என்றால் பிஎன்எஸ்எஸ் 194-வது பிரிவில் (பழைய சிஆர்பிசி 174) போலீஸ் விசாரணை கட்டாயம். "கடைசியா எப்ப பேசுனாரு? வீட்ல எதாவது சண்டையா?" சட்டத்துக்குத் தேவையான கேள்விதான். ஆனால், 'அன்னைக்கு வேலைக்குப் போக வேணாம்னு சொல்லியிருக்கலாமோ' என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருக்கும் மனைவிக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும்.

எது வித்தியாசம்?

நோயில் படுத்தவரிடம் நாலு வார்த்தை பேச முடியும். இங்கே அது இல்லை. பிணவறையில் பார்த்த முகம்தான் திரும்பத் திரும்ப வரும். நம் ஊர் வழக்கம் முதல் 16 நாளை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. சாப்பாடு வரும், தனியாக விட மாட்டார்கள். 17-ம் நாள் வீடு காலி. அதிர்ச்சி தெளிந்து வலி தெரிய ஆரம்பிப்பதும், இறப்புச் சான்றிதழ், இன்சூரன்ஸ், விபத்து வழக்கு என்று அலைவதும் பலருக்கு அதற்குப் பிறகுதான்.

எல்லாத் துக்கமும் நோய் அல்ல. பெரும்பாலானோர் உறவுகளின் துணையோடே மீள்கிறார்கள். 6 மாதம் தாண்டியும் தீவிரம் குறையாமல் அன்றாட வாழ்க்கை முடங்கினால், உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 வகைப்பாடு அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கிறது. நடந்ததை உடனே விவரிக்கச் சொல்லி ஒரே அமர்வில் கவுன்சலிங் முடிப்பதை அந்த அமைப்பு பரிந்துரைப்பதில்லை. ஆக, முதல் வாரத்துக் கூட்டத்தைவிட மூன்றாம் மாதத்தில் வரும் ஒரு போன் முக்கியம்.

கீழ்ப்பாக்கம் தயக்கம்

இப்பகுதி உடல்கள் பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குத்தான் பிரேதப் பரிசோதனைக்குப் போகின்றன. அரசு மனநல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கத்திலேயே. முதலாவதுக்கு வேறு வழியில்லாமல் போகும் குடும்பம், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற கிண்டலுக்குப் பயந்து இரண்டாவதை நினைக்கவே மாட்டார்கள். டெலி மானஸ் (14416), 104 எண்களில் வீட்டில் இருந்தே இலவசமாகப் பேசலாம். தற்கொலையில் உறவை இழந்தவர்கள் சினேகா அமைப்பை (044-24640050) அழைக்கலாம்.

இந்த எண்களை அந்த வீட்டுக்கு யார் சொல்வது என்பதுதான் சிக்கல். பிரிட்டனில் கொலை, சாலை மரணங்களில் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கவே பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி உண்டு. இங்கே 2022-ல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ்தான் மூன்று ஊர்களும் வருகின்றன. பிரேதப் பரிசோதனை அறிக்கைக்காகக் குடும்பம் எப்படியும் ஸ்டேஷன் படி ஏறும். அப்போது ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

ஆபீஸ் நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது. "எதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன், கோர்ட்டுக்கு நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.