கண்ணாடியில் தெரிந்த பிணம்

விக்டோரியா அரசியின் காலம் இங்கிலாந்தின் பொற்காலம் என்பர். பொன் இருந்தது, மறுக்கவில்லை. எவர் வீட்டில் இருந்தது? புகழ் பாடிய ஏடுகள் மறைத்ததைக் கேலிச் சித்திரங்கள் காட்டிக் கொடுத்தன.

1841இல் இலண்டனில் தோன்றியது 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை வார இதழ். 1843இல் புதிய நாடாளுமன்ற மாளிகையை அழகுபடுத்த வரைந்த மாதிரி ஓவியங்களை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் காட்சிக்கு வைத்தது அரசு. அவற்றுக்குக் 'கார்ட்டூன்' என்று பெயர். உடனே ஜான் லீச் என்பார் பஞ்சில் தம் 'கார்ட்டூனை' வரைந்தார். கந்தல் உடுத்தியோரும் ஊன்றுகோல் பிடித்தோரும் சுவரில் மின்னும் சீமான்களின் படங்களை ஏக்கத்தோடு நோக்கி நிற்கின்றனர்! ரொட்டி கேட்டவனுக்குக் கண்காட்சி கொடுத்த ஆட்சியைச் சாட்டையால் அடித்த சித்திரம் அது. கேலிச் சித்திரத்துக்குக் கார்ட்டூன் என்ற பெயர் நிலைத்ததும் அதனால்தான்.

1863. சீமாட்டிகளின் நடன விழாவுக்கு ஆடை தைக்கும் கூடத்தில் 20 வயது மேரி ஆன் வாக்லி 26½ மணி நேரம் ஓய்வின்றித் தைத்தாள். வெள்ளியன்று நோயில் விழுந்தாள், ஞாயிறன்று மாண்டாள். நெரிசல் மிகுந்த வேலைக்கூடமும் காற்றுப் புகாத படுக்கையறையும் அவளைக் கொன்றன. காரல் மார்க்சும் தம் 'மூலதனம்' நூலில் அச்சாவைப் பதித்தார். பஞ்சில் ஜான் டென்னியல் வரைந்தார்: புத்தாடை பூண்ட சீமாட்டி கண்ணாடி பார்க்கிறாள், கண்ணாடியிலோ தைத்தவளின் உயிரற்ற உடல்!

எத்துணைக் கூர்மை! எத்துணை இரக்கம்! ஆனால், இளைஞனே, கைதட்டுமுன் அதே இதழின் வேறு பக்கங்களையும் புரட்டு.

1850களில் அதே லீச் வீட்டு வேலைக்காரிகளைப் பற்றித் தொடர் சித்திரம் தீட்டினார். எசமானியைப் போல் உடுக்க விரும்பினாளா? கேலி. தன் வேலைக்கு வரம்பு கேட்டாளா? கேலி. செத்த தையற்காரிக்குக் கண்ணீர். நிமிர்ந்த வேலைக்காரிக்கு நையாண்டி!

ஏன் இந்த இரட்டை நாக்கு? இதழை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்காரி வைத்திருந்த நடுத்தர வகுப்பினர். பிணத்துக்காக அழுவதால் அவர்கள் வீட்டில் ஒன்றும் மாறாது. அடுக்களைப் பெண் சமமாக நின்றால், நாற்காலியே ஆடும்!

இரக்கம் வேறு, சமத்துவம் வேறு. வீழ்ந்தவனைக் கண்டு உருகும் உள்ளம், அவன் எழும்போது எள்ளி நகையாடுமானால், அந்த உருக்கம் உயர்ந்தவன் பூணும் இன்னோர் அணிகலனே. ஆகவே எந்தச் சித்திரம் கண்டு சிரித்தாலும் ஒன்று கேள்: இச்சிரிப்பு எவனுடைய முதுகில் விழுகிறது?