என்கவுன்டர் எந்தச் சாமியின் தீர்ப்பு?

ஆயுத பூஜை வந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துக்குப் பொட்டு வைப்பார்கள். ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் ஆலையில் இயந்திரங்களுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். காவல் நிலையத்திலும் ஆயுதப்படை வளாகத்திலும் துப்பாக்கிகள் சந்தனமும் பூவுமாக வரிசையில் இருக்கும். அரிவாளோடு நிற்கும் முனீஸ்வரனைக் காவல் தெய்வமாகக் கும்பிடும் ஊரில் இதெல்லாம் இயல்பு. சாமி கும்பிடுகிறவர் துப்பாக்கி ஏந்தலாமா என்று இங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

கேட்காததில் குற்றமில்லை. அந்தக் கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் நம்பிக்கைதான் குற்றம்: போலீஸ் சுட்டால் அது சாமியே சுட்ட மாதிரி.

2023 அக்டோபர் 12 அன்று, ஆவடி மாநகரக் காவல் எல்லைக்குள் வரும் சோழவரம் பக்கம், அதிமுக பிரமுகர் பார்த்திபன் கொலை வழக்கில் தேடப்பட்ட இருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த ஒன்பதாம் நாள், அந்த வழக்கில் பிடிபட்டுப் போலீஸ் காவலில் இருந்த திருவேங்கடம் மாதவரம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்புக்காகவே சுட்டோம் என்பது இரண்டு சம்பவத்திலும் காவல்துறை தந்த விளக்கம். அது சரியா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். டீக்கடைக்கு அந்த விசாரணை தேவைப்படுவதில்லை. "தெய்வம்னு ஒண்ணு இருக்குப்பா" என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. கைதான பிறகு கை காலில் மாவுக்கட்டோடு நிற்கும் ரவுடியின் படத்தைக் கைபேசியில் பகிர்ந்து சிரிப்பதும் இதே நம்பிக்கையின் சின்ன வடிவம்.

சினிமா இதற்கு நன்றாகவே தூபம் போட்டது. 2003-இல் வந்த இரண்டு வெற்றிப் படங்களில் போலீஸ்காரரே நாயகன், சுட்டுக் கொல்வதே தீர்வு. ஒன்றின் பெயர் 'சாமி'. இன்னொன்று, கந்த சஷ்டி கவசத்தை நினைவூட்டும் 'காக்க காக்க'.

இப்படிப் பேசுகிறவர்கள் கடைசியில் கீதையைத்தான் துணைக்கு அழைப்பார்கள். கண்ணனே கொல்லச் சொல்லவில்லையா? சொன்னது போர்க்களத்தில், ஆயுதத்தோடு எதிரே நின்றவர்களைப் பற்றி. அதே மகாபாரதத்தில் சௌப்திக பருவம் என்று ஒன்று இருக்கிறது. பாசறையில் தூங்கியவர்களை இரவோடு இரவாக அசுவத்தாமன் கொன்று குவித்ததைச் சொல்லும் பகுதி அது. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கினேன் என்ற நியாயம் அவனிடமும் இருந்தது. இருந்தும் தலைமணி பறிக்கப்பட்டு, சாபம் சுமந்து காட்டில் அலைந்தான்.

மற்ற மரபுகளும் இதற்குத் தூரமில்லை. விவிலியத்தில் திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வாளைத் தூக்கி எறியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சுமத்தாதீர்கள், கிடைக்கும் சம்பளம் போதுமென்று இருங்கள் என்கிறார். உயிர்க்கொலையில் மிகக் கடுமையான சமணமும், இல்லறத்தார் தற்காப்புக்காகச் செய்யும் இம்சையைத் தனியாகவும், திட்டமிட்டுச் செய்யும் இம்சையைத் தனியாகவும் வைக்கிறது. முன்னதைப் பொறுத்துக்கொள்கிறது, பின்னதை ஒருபோதும் ஏற்பதில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் திருமுல்லைவாயில் இருக்கிறது. குறும்பரோடு போருக்குப் போன தொண்டைமானின் யானைக் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. வாளால் கொடியை வெட்டினான். இரத்தம் பீறிட்டது. உள்ளே இருந்தது லிங்கம். செய்த பிழைக்குத் தன் கழுத்தையே அறுக்கப் போனவனைச் சிவன் தடுத்தார், போரில் துணை நிற்க நந்தியையும் அனுப்பினார் என்பது தலபுராணம். அதனால்தான் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சன்னதியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது. வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தன்றுதான் களைவார்கள். அரசன் ஆயுதம் ஏந்துவதை இந்தக் கதை மறுக்கவில்லை, அவன் போருக்குத் துணையே அனுப்புகிறது. ஆனால் பார்க்காமல் வீசிய வாள் சாமி மேலேயே பட்டது என்கிறது. வீசியவன் அங்கேயே நின்று பதில் சொன்னான் என்கிறது. துப்பாக்கிக்குப் பூசும் சந்தனத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தச் சந்தனத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

சட்டம் கேட்பதும் அதே பதிலைத்தான். கைதுக்கு முரண்டு பிடிப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைப் போலீசார் கையாளலாம். தற்காப்பு உரிமை எல்லாருக்கும் உள்ளதுபோல் அவர்களுக்கும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிமுறைகள் இதை இன்னும் இறுக்குகின்றன. சாவு நேர்ந்தால் வழக்குப் பதிய வேண்டும். சிஐடியோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். சுட்ட ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். பூஜை போட்ட துப்பாக்கிக்கும் இதில் விலக்கு இல்லை.

இதைக் கேட்டதும் ஒரு நியாயமான கோபம் வரும்: போலீஸ்காரர் உயிர் உயிரில்லையா? 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை இரவில் துரத்திப் போன நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். ரோந்து போகிறவர்கள் துப்பாக்கியோடு போங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு சொன்னார். சரியான பேச்சு. இருட்டில் அரிவாளுக்கு எதிரே நிற்பவர் சுட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு வழக்கிலும் சந்தேகிக்கப்பட்டவர்கள் உயிரோடு பிடிக்கப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். சகாவைப் பறிகொடுத்த போலீசார் காட்டிய அந்தப் பொறுமை டீக்கடைக்கு இல்லாமல் போவானேன்?

நீதிமன்றம் இழுத்தடிக்கிறது என்பது அடுத்த வாதம். இழுத்தடிக்கிறதுதான். பூந்தமல்லி தடா நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது.  1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேர் மீதான கொலைக் குற்றச்சாட்டு நிற்காது என்று சொல்லிவிட்டது. விசாரித்து, சாட்சி கேட்டு, ஏழாண்டு எடுத்துக்கொண்ட வழக்கிலேயே இந்த அளவு பிழை என்றால், ஒன்பது நாளில் முடிகிற தீர்ப்பை எந்தத் துணிச்சலில் சாமி கணக்கில் எழுதுவது?

ஐதராபாத்திலும் எழுதினார்கள். கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரை 2019 டிசம்பர் 6 அன்று போலீசார் சுட்டுக் கொன்றபோது அவர்கள் மேல் பூமாரி பொழிந்தார்கள், பெண்கள் ராக்கி கட்டினார்கள். கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று சொல்லும், அதை விசாரித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியே வந்தது. பூ வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்?

சம்பவம் நடந்த கையோடு போலீசாருக்குப் பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது என்பதும் 2014 நெறிமுறைகளில் ஒன்று. அந்த விதி அரசைக் கட்டுப்படுத்தும். மாலையோடு ஸ்டேஷன் வாசலுக்கு வருகிறவர்களைக் கட்டுப்படுத்தாது. அவர்களிடம் பேசக்கூடியவர்கள் கோயில் விழாக் குழுவிலும் ஜமாத்திலும் பங்குப் பேரவையிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை இந்த வட்டாரத்தில் ஒரு என்கவுன்டர் நடந்தால், மாலை வாங்கப் போகுமுன் மாஜிஸ்திரேட் விசாரணை தொடங்கிவிட்டதா, அறிக்கை எப்போது வரும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கலாம். துப்பாக்கியோடு ரோந்து போகும் பக்தியுள்ள போலீஸ்காரருக்கும் அந்த அறிக்கைதான் பாதுகாப்பு: அவர் உண்மையிலேயே உயிருக்குப் பயந்து சுட்டிருந்தால், ஊர் நம்பும்படி அதைச் சொல்லக்கூடிய காகிதம் அது ஒன்றுதான்.