சாக்லேட் ஆலையின் பழைய ‘மூளை’: பழுதாகும் வரை காத்திருக்கலாமா?

சாக்லேட்டை உடைச்சா ‘டக்’னு சத்தம் வரணும். அதுக்கு டார்க் சாக்லேட்டைச் சுமார் 45 டிகிரி செல்சியஸில் உருக்கி, 28 வரை குளிரவைத்து, மறுபடி 31-32க்குக் கொண்டுவரணும். பிசகினால் மேலே வெள்ளை பூத்துடும்.

ஆலைகளில் இந்த வேலையைப் பார்ப்பது பி.எல்.சி. என்கிற கன்ட்ரோல் கம்ப்யூட்டர். இதில் பிரபலமான சீமென்ஸ் எஸ்5 வரிசை 1979-ல் வந்தது. அதன் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ‘ஓடுற வரை ஓடட்டும்’னு விட்டா, ஒரு கார்டு போனாலும் பழைய பொருள் சந்தையில்தான் தேடணும். அதுவரை லைன் நிற்கும்.

புதுசா மாத்தி நெட்வொர்க்கில் இணைச்சா போதுமா? போதாது. 2017 ஜூனில் நாட்பெட்யா சைபர் தாக்குதலால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள கேட்பரி ஆலையில் உற்பத்தியே நின்றது.

அதனால் முதல்ல பழைய புரோகிராமை பேக்கப் எடுக்கணும். எந்தச் சத்தம் வந்தா எதைத் திருப்பணும்னு தெரிந்த சீனியர் ஆபரேட்டர் ரிட்டயர் ஆகும் முன் அவர் அனுபவத்தை எழுதி வைக்கணும். பராமரிப்பு நாட்களில் ஒவ்வொரு பகுதியா மாத்தணும். ஆலை நெட்வொர்க்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கணும்.

செலவு இருக்கத்தான் செய்யும். ஆனா சீசன் ஆர்டருக்கு நடுவில் லைன் நின்றால் ஆகும் செலவோட ஒப்பிட்டுப் பார்த்துதான் நிர்வாகம் முடிவெடுக்கணும்.