ஆட்டம் அடங்கும் கணக்கு

ஆடுகிற பொருள் எதுவும், தள்ளுகிற கை நின்றுவிட்டால், சற்று நேரத்தில் அடங்கித்தான் ஆகவேண்டும். பிள்ளையின் ஏணையும் அப்படித்தான், மரக்கிளையில் கட்டிய ஊஞ்சலும் அப்படித்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி அடங்குவதில்லை. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

ஊஞ்சலுக்கு நாம் கொடுக்கும் தள்ளுதான் அதற்குச் சம்பளம். அந்தச் சக்தி ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. செலவாகும் விதம் மூன்று. எளிய எண்களை வைத்தே பார்க்கலாம்.

முதலாவது, காய்ந்த உராய்வு. துருப்பிடித்த கீலில் தொங்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த உராய்வு வேகத்தைப் பார்ப்பதில்லை. மாதாமாதம் ஒரே தவணையைக் கறக்கும் கடன்காரனைப் போன்றது. வீச்சு 50, 40, 30, 20, 10 என்று சமமாகக் குறைந்து, பிறகு ஒரேயடியாக நின்றுவிடும்.

இரண்டாவது, கெட்டியான எண்ணெய்க்குள் மெதுவாக ஆடும் பொருள். வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். இங்கே இருப்பில் ஒரு பங்கு போகும். வீச்சு 64, 32, 16, 8 என்று பாதி பாதியாக இறங்கும். வீச்சு பாதியானால் சக்தி காற்பங்காகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, காற்றை எதிர்த்து வீசி ஆடும் அகன்ற அட்டை. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். பணம் மிகுந்தபோது ஊதாரி, குறைந்தபோது கஞ்சன்! பத்துப் பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை அளந்தால் வீச்சு 60, 30, 20, 15, 12 என்று வரும். முதலில் மளமளவென்று குறையும், பிறகு இழுத்துக்கொண்டே போகும். வீச்சு மிகவும் சிறுத்துவிட்டால் காற்றும் எண்ணெயைப் போலவே நடந்துகொள்ளும்.

ஒரு கல்லை நூலில் கட்டி, அதோடு அட்டையைச் சேர்த்து ஆடவிட்டு, சுவரில் கரித்துண்டால் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது விசித்திரமானது. ஆட்டம் சிறிதாக இருக்கும்போது சக்தியைக் கொடுக்கும், பெரிதானால் பிடுங்கிக்கொள்ளும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் ஆட்டம் ஓயாமல் நிலைத்து நிற்கும். நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வான் டெர் போல், ரேடியோ வால்வுகளை ஆராய்ந்தபோது 1920களில் இதற்குச் சமன்பாடு எழுதினார். 1928இல் இதயத் துடிப்பையும் இந்தக் கணக்கைக் கொண்டே விளக்க முயன்றார்.

சக்தியைக் கொடுக்கும் இந்தக் குணம் வேண்டாத இடத்தில் புகுந்தால் என்ன ஆகும்? லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் நடப்பவர்களுக்கென்று கட்டிய மில்லெனியம் பாலம் 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. ஜனங்கள் தடுமாறாமலிருக்கக் கால்களை அகட்டி வைத்து நடந்தார்கள். அப்படி அவர்கள் உதைத்த உதையே பாலத்தின் ஆட்டத்துக்குத் தீனியாயிற்று. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. இரண்டே நாளில் பாலத்தை மூடிவிட்டார்கள்.

பிறகு ஆட்களை நடக்கவைத்துச் சோதித்தபோது ஓர் உண்மை தெரிந்தது. ஓர் எண்ணிக்கை வரை பாலம் பெரிதாக அசையவில்லை. அதற்குமேல் சிலர் சேர்ந்ததும் ஆட்டம் திடீரென வளர்ந்தது. பாலம் செலவழிக்கும் சக்தியைவிட நடப்பவர்கள் கொடுக்கும் சக்தி அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். திரவம் நிறைந்த 37 தணிப்பான்களையும், அதிர்வைத் தாங்களே வாங்கி ஆடும் 52 எடைக்கருவிகளையும் பொருத்தி, 2002 பிப்ரவரி 22இல் மீண்டும் திறந்தார்கள். பாலத்துக்குக் குறைவாக இருந்தது பலமல்ல. சக்தியைச் செலவழிக்கும் வழிதான்.

இதை நம் வீட்டு வாசலுக்கும் கொண்டு வருவோம். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. குழியில் விழுந்த அதிர்ச்சியின் சக்தியை அது சூடாக மாற்றித் தீர்த்துவிடுகிறது. எண்ணெய் ஒழுகிப் போனால் சுருள்கம்பி மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும்; சக்கரம் தரையை விட்டு விட்டுப் பிடிக்கும். செம்மண் பாதையில், மழை நாளில், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் ஆபத்தைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே வண்டியை நிறுத்தி, இருக்கையை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். எழும்பி உடனே அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை குதித்தால், அடுத்த சம்பளத்துக்குக் காத்திராமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.