நேற்று வந்திருக்கிறேன்!

ஆங்கிலத்தில் நம் ஆசாமிகளை அதிகம் படுத்துவது ஸ்பெல்லிங் அல்ல, உச்சரிப்பும் அல்ல. காலம்! அதற்குப் பேரே டென்ஸ். அப்புறம் பேசுகிறவனுக்கு டென்ஷன் வராமல் என்ன செய்யும்?

தொல்காப்பியர் நமக்கு மூன்று காலத்தோடு முடித்துக்கொண்டார். ஆங்கில வாத்தியாரோ போர்டில் பன்னிரண்டு கட்டம் போட்டார். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தைத் தலைகாணியாக வைத்துத் தூங்கியவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ரென், 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதியவர். நம்மைப் பொறுத்தவரை இரண்டுமே சாகசம்தான்.

பன்னிரண்டும் வேண்டாம் சார். ஆபீஸில் காலம் தள்ள மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதல் தகராறு: 'ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே.' இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? தமிழில் 'மாமா நேத்து வந்திருக்கார்' என்பது சுத்தமான வாக்கியம். அந்த 'இருக்கார்' அப்படியே 'ஹேவ்' ஆகி உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், 1998 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவுக்கு அங்கே வேலையில்லை. 'ஐ கேம் யெஸ்டர்டே', அவ்வளவுதான்.

நான் பி.காம். அதனால் லெட்ஜர் பாஷையில் சொல்கிறேன். 'ஐ லாஸ்ட் மை கீ' என்பது முடித்த கணக்கு. எப்போதோ தொலைத்தான், பிறகு கிடைத்ததா என்பது வேறு விஷயம். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பது பாக்கியை இன்றைய பக்கத்துக்குக் கொண்டு வந்த கணக்கு. ஆசாமி இன்னும் வாசலில் நிற்கிறான்! (அமெரிக்கர்கள் இதில் கொஞ்சம் தாராளம். 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று ஹேவ் இல்லாமலேயே ஏப்பம் விடுவார்கள்.)

இதெல்லாம் பண்டிதர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக அக்கவுண்டன்ட். கணக்கில் புலி. வேறு இடத்தில் இன்டர்வியூ. அனுபவம் என்ன என்று கேட்டதற்கு, 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்றார். 'ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று அடுத்த கேள்வி. மனுஷன் ஆடிப்போய், 'ஐ டிட் நாட் லெஃப்ட் சார்!' என்றிருக்கிறார். அதற்கப்புறம் டெபிட் எது, கிரெடிட் எது என்றுகூட நாக்கில் வரவில்லை. வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரே ஒரு 'ஹேவ்'!

அவர் சொன்னதிலேயே இரண்டாவது விஷயமும் இருக்கிறது. 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலச் சுமையை அதுவே தூக்கிக்கொள்ளும். 'டிட் நாட் லீவ்', 'டிட் யூ கோ'. 'டிட் யூ வென்ட்' என்பது ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் கட்டுவது.

மூன்றாவது, நம் தேசிய வியாதியான 'இங்.' 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்.' பம்பாய்க் கவிஞர் நிசிம் எசக்கியல், மிஸ் புஷ்பா டி.எஸ். என்ற பெண்ணின் வழியனுப்பு விழாவை வைத்து ஒரு கவிதையே எழுதி இதைக் கிண்டலடித்திருக்கிறார். நடந்துகொண்டிருக்கும் காரியத்துக்குத்தான் இங், நிலைமைக்கு அல்ல. அண்ணன் தம்பி இருப்பது இந்த நிமிஷம் நடக்கிற காரியமா? 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' போதும்.

கொசுறாக ஒன்று. மேனேஜரிடம் லீவு கேட்க, 'ஐ வாண்ட் லீவ் டுமாரோ' என்றால் மிரட்டல் மாதிரி இருக்கும். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் டேக் லீவ் டுமாரோ' என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது நாளைக்கு, வினைச்சொல் இறந்தகாலம்! ஆங்கிலத்தில் மரியாதைக்காகக் காலம் இரண்டடி பின்னால் நகரும். லீவு கிடைக்குமா என்பது மேனேஜரின் ஜாதகத்தைப் பொறுத்தது.

இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். வா - வந்தான், நில் - நின்றான், கேள் - கேட்டான் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத சமாசாரங்களை ஐந்து வயசுக்குள் அனாயாசமாகக் கற்றுக்கொண்ட பரம்பரை நாம். 'கோ'வின் இறந்தகாலம் 'வென்ட்' என்பதே 'வெண்ட்' என்ற வேறொரு வினைச்சொல்லிடமிருந்து ஆங்கிலம் வாங்கிய கைமாற்றுதான். அவர்கள் பாஷையும் ஒழுங்காக இல்லை!

ஆங்கிலக்காரன் ரொம்பவும் அலட்டினால் அவனை நம்மூர் ஹோட்டலுக்கு அழைத்துப் போங்கள். சப்ளையரைக் கூப்பிடுங்கள். சமையல்கட்டுக்குள் நின்றபடியே 'இதோ வந்துட்டேன் சார்!' என்பார். இன்னும் வரவில்லை, சொன்னதோ இறந்தகாலம், வரப்போவது பத்து நிமிஷம் கழித்து. இது எந்தக் கட்டத்தில் வரும் என்று துரையைக் கேளுங்கள்.