ஈரம் காயாத மண்



விருத்தாசலம் என்றதும் சிலருக்கு மணிமுத்தாறு நினைவுக்கு வரும். பலருக்குப் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் நினைவுக்கு வரும். அவ்வூர்ச் சூளைகளில் உழைப்போர் யாவரும் அறிந்த பாடம் ஒன்று உண்டு. அச்சிலிருந்து எடுத்த பொம்மையை ஈரம் காயுமுன் பெருந்தீயில் ஏற்றலாகாது. உள்ளேயுள்ள நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி, மண்ணைப் பிளந்துவிடும். பொறுமையாகக் காயவைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றினால் அதே மண் தலைமுறைகளுக்கு நிலைத்து நிற்கும். பொம்மை வெடித்தால் மண்ணை எவரும் குறை கூறுவதில்லை. சூளை வைத்தவரையே கேட்பர்.

பள்ளியில் மட்டும் நாம் ஏனோ மண்ணையே குறை கூறுகிறோம். இம்மாதம் நாம் ஓர் ஆசிரியையின் வாழ்வை நினைவுகூர விரும்புவது இதன் பொருட்டே.

பாமா என்னும் பெயரில் எழுதிவரும் அந்த ஆசிரியை, இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த புதுப்பட்டியில் 1958ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணிபுரிந்தவர். அவருடைய மக்கள் அவ்வூர் நிலக்கிழார்களின் வயல்களில் உழைத்த தலித் மக்கள். மூன்றாம் வகுப்பு மாணவியாய் இருந்தபோது, தம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலம் ஒன்றைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் கொடுத்ததைச் சிறுமி கண்டாள். அது வேடிக்கையாகத் தோன்றவே, வீட்டிற்கு வந்து சிரித்தபடி அண்ணனிடம் கூறினாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அவ்வாறு செய்தார் என்று விளக்கினார். நன்றாகப் படித்து முன்னேறினால் இந்த இழிவை உதறிவிடலாம் என்றும் அறிவுரை கூறினார். சிறுமி அச்சொல்லைப் பற்றிக்கொண்டு படித்தாள். வகுப்பில் முதலிடம் பெற்றாள்.

ஆயினும் படிப்பு மட்டும் அவளைக் காக்கவில்லை. ஒருநாள் பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் தென்னை மரமொன்றில் ஏறி விளையாடினர். அவளுடைய முறை வந்தபோது ஓர் இளங்காய் கீழே விழுந்தது. மறுநாள் காலை மாணவர் அனைவர் முன்னிலையிலும் தலைமையாசிரியர் அவளைத் திருடி என்றார்; அவளுடைய சாதியின் பெயரைச் சொல்லியே இழித்துரைத்தார்; வகுப்பினுள் நுழையலாகாது என்றார். சிறுமி அழுதுகொண்டு பங்குச் சுவாமியாரிடம் ஓடினாள். சேரியிலிருந்து வருபவள்தானே, செய்திருப்பாய் என்பதே அவரிடமும் முதலில் கிடைத்த மொழி. பின்னரே, மீண்டும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் கடிதம் கொடுத்தார்.

விழுந்தது ஒரு தேங்காய். பிளந்ததோ ஒரு குழந்தையின் உள்ளம். அடைக்கலம் தேடி அக்குழந்தை ஓடிவந்த வீடு நம்முடைய வீடு என்பதை எண்ணும்போது நாம் தலைகுனியாமல் இருக்க இயலுமோ?

பாமா வளர்ந்து ஆசிரியப் பயிற்சி பெற்று, கன்னியர் நடத்திய பள்ளியொன்றில் பணியில் அமர்ந்தார். அங்கும் ஏழைப் பிள்ளைகள் இழிவாய் நடத்தப்படுவதைக் கண்டு வாளாவிருக்கவில்லை, துணிந்து வாதிட்டார். அத்தகைய பிள்ளைகளுக்காகவே வாழவேண்டும் என்ற தாகத்தோடு, கிடைத்த நல்ல வேலையையும் துறந்து, 1985ஆம் ஆண்டு துறவற சபையொன்றில் சேர்ந்தார். அங்கே கற்பிக்க வாய்த்ததோ வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு. ஏழ்மை வார்த்தைப்பாடு பேச்சில் இருந்தது. ஏழைகள் அருகில் இல்லை. ஏழாண்டுகள் மனத்தோடு போராடி, 1992ஆம் ஆண்டு வெளியேறினார். கையில் பணமில்லை, வேலையில்லை.

அந்நாளில் எழுதியதே 'கருக்கு' என்னும் தன்வரலாற்று நூல். பனைமட்டையின் இரு ஓரங்களிலும் வாள்போல் நிற்கும் கூர்மையையே கருக்கு என்கிறோம். எபிரேயர் திருமுகம் இறைவார்த்தையை இருபுறமும் கருக்கு வாய்ந்த வாளுக்கு ஒப்பிடுவதை நம் வாசகர் அறிவர். தம் மக்களின் பேச்சு மொழியிலேயே அமைந்த அந்நூலை 1992இல் வெளியிட்டது, மதுரையில் இயேசு சபையினரின் சமூக ஆய்வு மையம் என்பது குறிப்பிடத்தக்கது. காயப்படுத்தியதும் திருச்சபையின் கைகளே. காயத்தைப் பேசவிட்டதும் திருச்சபையின் கைகளே. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு பின்னர் கிராஸ்வேர்ட் விருது பெற்றது. சொந்த ஊரிலோ, தங்கள் வாழ்வை உள்ளபடி எழுதிவிட்டாரே என்று முதலில் சினந்தவரும் இருந்தனர். சில மாதங்கள் அவர் ஊருக்குள் வரவியலாத நிலையும் இருந்தது.

நூலின் புகழ் அவரை வகுப்பறையிலிருந்து பிரித்துவிடவில்லை. உத்திரமேரூர் அருகேயுள்ள ஓங்கூரில் பல்லாண்டுகள் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாய் உழைத்தார். எழுத்தும் கற்பித்தலும் அவருக்கு ஒரே பணியின் இரு கைகள்.

விருத்தாசலத்திலும் இத்தகைய எழுத்தாளர் ஒருவர் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றிய இமையம், 1994இல் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' நாவலில், காலனி மக்களின் அழுக்கை வெளுத்து அவர்கள் தரும் சோற்றில் வாழும் ஆரோக்கியம் என்னும் கத்தோலிக்கத் தாயை நம் கண்முன் நிறுத்தினார். தாழ்த்தப்பட்டோருக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்பதைக் காட்டினார். நாம் காணாமல் கடந்துபோவோரை இவ்விருவரும் கண்டனர்.

குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் நம் குறைகளை நாமே எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நாம் பணிவுடன் கூறும் மறுமொழி இதுவே: ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டுக் குற்றத்தை மறைப்பவருக்கு மன்னிப்பு ஏது? இந்திய ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டு தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதி வேற்றுமை நிலவுவதை ஒப்புக்கொண்டு, அதைப் பாவமென்று கண்டித்தது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை இல்லங்கள் மறைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது. அது மேசைக்கு வரவேண்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு தோழனை வீட்டிற்கு அழைத்து வரும்போது நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எது? அவனுக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஒரே தம்ளரில் தண்ணீர் தருகிறீர்களா? ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்களே, பீடச் சிறுவராகவும் வாசகராகவும் நீங்கள் அழைக்கும் பெயர்களில் எந்தத் தெருவின் பெயர்கள் விடுபடுகின்றன? வகுப்பில் ஒரு பொருள் காணாமற்போனால் உங்கள் கண் முதலில் யார்மேல் விழுகிறது?

குழந்தை ஈரம் காயாத மண். நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல் அதற்குப் பெருந்தீ. அன்று தென்னையடியில் நின்ற சிறுமி உடைந்துபோகாமல் ஆசிரியையாய் எழுந்து நின்றாள். உடைந்துபோன எத்தனையோ பேர் புத்தகம் எழுதவில்லை; பள்ளிக்கே திரும்பவில்லை. அவர்களுள் ஒருவர் நம் பங்கிலேயே இருக்கக்கூடும். இம்மாதம் அந்த வீட்டின் கதவைத் தட்டுவோமாக.